காரைக்குடியில் இல்லாத கடை

பழைய மரச்சாமானை வாங்கிச் சுரண்டி, புதிதாக பெயின்ட் அடித்து, அந்தப் புது பெயின்ட்டையும் பழசு போலத் தெரியும்படி தேய்த்துவிடுவது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்யும் வேலை. சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் இன்னமும் சிரிக்கிறார்.

"பழசைப் புதுசாக்குறவய்ங்களப் பாத்திருக்கேன். நீ புதுசாக்கி மறுபடியும் பழசாக்குற. பேசாம அப்படியே விட்டுருக்கலாம்ல?" என்பார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அழுக்கேறிப் பழசானதும் ஆள் புழங்கிப் பழசானதும் ஒன்றில்லை. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

மற்ற ஆறு நாளும் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை. அட்மிஷன் பிரிவு. மதுரை, கோச்சடையில் மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்த வருடம், அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறைகளுக்கு நடுவில் இருந்த ஒரு பழைய சாமான் கடையில் மர அலமாரி ஒன்று வாங்கினேன். கரப்பான் நாற்றம், கறுத்துப்போன வார்னிஷ், ஒரு கதவு கோணல். புது பீரோ வாங்க முடியாததால் வாங்கியது, அவ்வளவுதான். போனில் வீடியோ பார்த்து அதற்கு பெயின்ட் அடிக்கப் போய் அந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. கீழ் வீட்டு ஓனரிடம் கார் கிடையாது, கார் ஷெட் மட்டும் உண்டு. அதை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

வேலை பெரிய வித்தை இல்லை. எமல்ஷனில் சாக்பீஸ் பொடியைக் குழைத்துக் கலந்தால் பளபளப்பு போய்விடும். அடியில் ஒரு நிறம். அது காய்ந்ததும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, மேலே வேறொரு நிறம். அதுவும் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்தால், மெழுகு இருந்த இடத்தில் மேல் நிறம் உரிந்து அடி நிறம் எட்டிப் பார்க்கும். எங்கே தேய்ப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கண்ட இடத்தில் தேய்த்தால் நாற்காலிக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். உட்காருகிறவரின் கை எங்கே படும், எழும்போது எதைப் பிடித்து எழுவார், குதிகால் எந்தச் சட்டத்தில் இடிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று ஆபீஸ் தோழி ஒருமுறை கேட்டாள். நான் வளர்ந்த வீட்டில் நாற்காலி கிடையாது. டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ஒரு ஊர், அந்த ஊரின் காலனி. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன வீடுகளின் வாசலில் சாயங்காலம் நின்றுகொண்டிருப்போம். நிற்கும் நேரத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கும்? கதவுக்கு உள்ளே தெரிகிற நாற்காலியும் பெஞ்சும்தான். அவற்றைத் தொட்டதில்லை, பார்த்திருக்கிறேன். எந்த இடம் வெளுத்திருக்கும் என்று மனப்பாடமாகத் தெரியும். இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் நடிப்பில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

அவள் ஃபீஸ் பிரிவு. என் மேசைக்கு அடுத்த மேசை. பதினான்கு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். என் டப்பாவில் அவள் கை, அவள் டப்பாவில் என் கை. என் மகளுக்கு டெங்கு வந்தபோது லீவு போட்டுவிட்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். ரத்தத்தில் தட்டணுக்கள் ஏறிவிட்டன என்று நர்ஸ் வந்து சொன்னபோது நான் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் ஓடிப்போய் என் வீட்டுக்காரருக்குச் சொன்னாள். மதுரைக்கு மேற்கே, தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் துரவு வைத்து விவசாயம் பார்த்த குடும்பம் அவளுடையது. அது எனக்குத் தெரியும். நான் யார் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளும் அவள் வீட்டுக்காரரும் நாகமலைப் பக்கம் வீடு கட்டினார்கள். வீடு முடிகிற சமயத்தில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினாள். கிணற்றடி மோட்டார் ரூமில், உரச்சாக்குக்குக் கீழே ஒரு நீளமான பெஞ்ச். சாய்மானமும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் வைத்தது.

"எங்க தாத்தா பெஞ்சுடி. வீட்டை இடிச்சப்ப இதை மட்டும் அப்பா தூக்கிப் போட்டு வச்சிருக்காரு. எங்க அத்தை, சித்தப்பா எல்லாம் இதுல உக்காந்து வளந்தவுக. புது வீட்டு ஹால்ல போடணும். நீதான் பண்ணித் தரணும்."

"கொண்டு வா" என்றேன்.

குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. என் ஷெட்டில் பாதியை அடைத்துக்கொண்டது. துட்டு வாங்க மாட்டேன், பெயின்ட் மட்டும் வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டேன். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள். கறுப்பு வார்னிஷ் மூன்று அடுக்கு இருந்தது. ஒன்றைச் சுரண்டினால் கீழே இன்னொன்று. சுரண்டி முடித்தபோது மரத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேக்கு, தேக்கு என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அது வேம்பு. போன் பண்ணிச் சொன்னேன்.

"ஆத்தாடி, எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம். கல்யாணம் ஆனதுல இருந்து பர்மா தேக்குன்னு அளந்து வச்சிருக்கேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

வேம்பாக இருந்தாலும் நல்ல மரம். கால்களில் மட்டும் புழு அரித்திருந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டைகளை அடைத்தேன். நிறத்தில் எங்களுக்குச் சண்டை வந்தது. அவளுக்கு வெள்ளை வேண்டும், ஏதோ வெளிநாட்டு வீட்டுப் படத்தைக் காட்டினாள். நம் ஊர்ப் புழுதிக்கு வெள்ளை ஆகாது என்று சொல்லி, அடியில் காவியும் மேலே துவைத்துத் துவைத்து வெளுத்த மாதிரி ஒரு நீலமும் அடித்தேன். அந்த நீலத்தைப் பிடிக்க எனக்கு நாலு வாரம் ஆனது. கொஞ்சம் கறுப்பு சேர்த்தால் அழுக்காகிவிடும், சேர்க்காவிட்டால் பள்ளிக்கூடச் சுவர் மாதிரி இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அப்பா கண் பரிசோதனைக்காக ஊரிலிருந்து வந்திருந்தார். நான் ஷெட்டில் வேலை செய்துகொண்டிருக்க, பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரு வீட்டுதுத்தா?"

சொன்னேன். அவள் ஊரின் பெயரைக் கேட்டார். அதையும் சொன்னேன்.

"உக்காருங்கப்பா. காஞ்சிருச்சு."

"இருக்கட்டும்த்தா" என்று பெஞ்சுக்கு எதிரே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். என் வீட்டு ஷெட். என் கையால் பெயின்ட் அடித்த பெஞ்ச். அதில் உட்கார வேறு ஆளும் இல்லை. இன்னொரு தடவை சொன்னேன், கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். "இதுவே வாட்டமா இருக்கு" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது. காலம் மாறியது இந்த மனிதருக்குத் தெரியவில்லையே என்று.

பெஞ்ச் முடிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைப்பிடியின் நுனியில், நான் நீலத்தைத் தேய்த்து எடுத்துக் காவி தெரியவிட்டிருந்த இடத்தில் கையை வைத்தாள். "தாத்தா இங்கதான் கை வப்பாரு. உனக்கு யாருடி சொன்னா?" என்று கேட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். என் கையிலிருந்த பெயின்ட் அவள் சுடிதாரில் ஒட்டிக்கொண்டது. இருக்கட்டும் என்றாள்.

புது வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தது. காலையில் சொந்தக்காரர்களுக்கு, சாயங்காலம் ஆபீஸ் ஆட்களுக்கு டிபன். நான் காலையிலேயே வந்து கூடமாட ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்டி. எங்க ஊருக் கூட்டம் பூராம் இருக்கும். உனக்கு போரடிக்கும். சாயங்காலம் சாவகாசமா வா."

நானும் சரி என்றேன். விசேஷத்துக்கு முதல் நாள் அவளே கூப்பிட்டாள். "பெஞ்சை இறக்குறப்ப கைப்பிடியில கீறிட்டாய்ங்கடி. சின்னதுதான். சாயங்காலம் வாரப்ப பெயின்ட் கொண்டாந்து தொட்டு விட்டுரு."

அங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். சாயங்காலம் தொட்டால் எப்போது காயும்? வருகிறவர்கள் சேலையில் எல்லாம் ஒட்டாதா? காலையில் போய்ப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று, நீல டப்பாவையும் சின்ன பிரஷ்ஷையும் துண்டு உப்புத்தாளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டேன். சொல்லாமல் போனால் சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தேன்.

வாசலில் வாழைமரம், உள்ளே கூட்டம். வாசல் நிறையச் செருப்பு. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படிக்கு வந்தபோது ஹாலில் பெஞ்ச் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. சொந்த வேலையைச் சொல்லக்கூடாது, அந்த ஹாலிலேயே அதுதான் அழகு. நடுவில் ஒரு வயதான அம்மா, பட்டுச்சேலை கட்டி, காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அடிக்கடி சொல்லும் அத்தை, அப்பாவின் அக்கா. போட்டோவில் பார்த்திருக்கிறேன். அத்தை சாய்மானத்தைத் தடவிக்கொண்டே அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கலரு வேறன்னாலும் எங்க அய்யா இருந்தப்ப இருந்த மாதிரியே இருக்குத்தா. நான் புதுசா பாலிஷ் போட்டு மினுமினுன்னு கொண்டாந்து வச்சிருப்பன்னுல்ல நெனச்சேன். யாரு பண்ணது?"

"காரைக்குடியில ஒரு கடை அத்தை" என்றாள் அவள். "கொண்டுபோய்க் குடுத்து, ஆறு மாசம் கழிச்சுத்தான் தந்தாய்ங்க. அம்புட்டு வேலை."

தடுமாற்றமே இல்லாமல் சொன்னாள். பலமுறை சொல்லிப் பழகிய மாதிரி. நான் நிலைப்படியிலேயே நின்றேன். முதலில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. என்னைத் தவிர இன்னொருவரிடமும் வேறு ஏதோ சாமானைக் கொடுத்திருக்கிறாளோ என்றுதான் மூளை ஓடியது. மனது அவ்வளவு முட்டாளாக இருந்தது.

பிறகு அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. ஒரு நொடிதான். உடனே சிரித்துக்கொண்டு வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். "வா வா, இம்புட்டு வெள்ளனமாவே வந்துட்டியா?"

"யாருத்தா இது?" என்றார் அத்தை.

"என்கூட ஆபீஸ்ல வேலை பாக்குற புள்ள."

"எந்த ஊரும்மா உனக்கு?"

"டி. கல்லுப்பட்டிப் பக்கம்" என்றேன்.

"கல்லுப்பட்டியில யாரு வீட்டுப் புள்ள?"

நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நம்ம ஆளுகதான் அத்தை."

அத்தையின் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்படிச் சொல்லு! அதான் பாத்த ஒடனே எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். வாத்தா, இங்கிட்டு வா" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

நான் உட்கார்ந்தேன்.

எவ்வளவோ செய்திருக்கலாம். கையை உருவியிருக்கலாம், வேலை இருக்கிறதென்று சொல்லியிருக்கலாம், அப்படியே திரும்பி நடந்திருக்கலாம். நான் உட்கார்ந்தேன். என் உள்ளங்கை கைப்பிடியில் பட்டது. அந்தக் கீறல் விரலில் தட்டுப்பட்டது. ஷெட்டில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றா நினைத்தேன்?

பந்தியிலும் அத்தை என்னைப் பக்கத்திலேயே உட்கார்த்திக்கொண்டார். நல்ல மனுஷி. அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார், பிள்ளை எத்தனை என்று கேட்டார், இளைத்திருக்கிறேன் என்று வருத்தப்பட்டார். போன் நம்பரைக் கேட்டு, பக்கத்தில் இருந்த யாரையோ விட்டுப் பதிந்துகொண்டார். "கும்புடுற சாமி எது?" என்று கேட்டபோது பாயச வாளியோடு அவள் எங்கிருந்தோ ஓடி வந்தாள். "அத்தை, அவளச் சாப்பிட விடுங்க." நான் வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அது என்ன சோறு, என்ன குழம்பு என்று எனக்குத் தெரியாது.

பெயின்ட் பையை எடுக்காமலேயே வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ எதுக்கு உக்காந்த?"

நான் துணி மாற்ற உள்ளே போய்விட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவள் என் துணிப்பையைக் கொண்டுவந்தாள். பெயின்ட் டப்பாவுக்கு மேலே லட்டுப் பொட்டலம் ஒன்று. சாப்பாட்டு மணிக்கு மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"காரைக்குடின்னு ஏன் சொன்ன?"

"வேற என்னத்தச் சொல்ல? நீ பண்ணதுன்னு சொன்னா யாரு என்னன்னு கேப்பாக. ஊரு, தெரு வரைக்கும் போவாக. பெருசுகடி, அவுகள மாத்தவா முடியும்? அப்புறம் அந்தப் பெஞ்சுல ஒருத்தரும் உக்காரமாட்டாக. எங்க தாத்தா பெஞ்சு."

"மூணு மாசம் என் வீட்டுல கெடந்துச்சே."

"அது எனக்குத் தெரியும். அவுகளுக்கு எதுக்கு?"

"சரி, அதுகூடப் போகட்டும். என்னைய ஏன் உங்க ஆளுன்னு சொன்ன?"

அதற்குத்தான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "உன்னைய அங்க வச்சு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாதுன்னுதான். எனக்கு எப்படி ஒதறுச்சு தெரியுமா? உன்னைய எங்க ஆளுன்னு சொன்னது ஒரு குத்தமா? வேற எவளாச்சும் சொல்லுவாளா?"

அவள் பெரிய மனது பண்ணி எனக்கு ஒன்று கொடுத்ததாகவும் நான் அதை வாங்கத் தெரியாமல் நிற்பதாகவும் அவள் முகத்தில் எழுதியிருந்தது. அவள் சொன்னதை அவள் முழுமனதாக நம்பினாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. வேண்டுமென்றே கெடுத்தவளாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"நான் யாருன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்றாள்.

அதற்கப்புறம் நான் செய்த வேலை, பதினான்கு வருடத்தைச் சுரண்டிப் பார்த்ததுதான். அவள் டவுனில் வாடகைக்கு இருந்தபோது பலமுறை போயிருக்கிறேன். அடுக்களை வரைக்கும் போய்க் காபி போட்டிருக்கிறேன். ஆனால் அவள் அம்மா ஊரிலிருந்து வந்திருந்த நாட்களில், "வாடி, வெளிய போய் ஜிகர்தண்டா குடிப்போம்" என்று வாசலிலிருந்தே கூட்டிப்போவாள். எனக்கு ஜிகர்தண்டா பிடிக்கும் என்பதால் என்று நினைத்திருந்தேன். ஊரில் நடந்த கோயில் திருவிழாவுக்கு ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. "அங்க வெயிலு, பஸ்ஸு கெடையாது" என்பாள். அவள் மகளின் சடங்குக்கு ஆபீஸே போனது, மண்டபத்துக்கு, சாயங்காலம். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். எதில் அன்பு, எதில் மறைப்பு என்று பிரித்து வைக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளைக்கூட எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு கறையும் இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவளோடு பேசுவதை நான் நிறுத்தவில்லை. டப்பாவை மட்டும் தனியாக வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன். அவளும் அதை நம்புகிற மாதிரி இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் அத்தை போன் பண்ணினார்.

"நல்லா இருக்கியாத்தா? எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். என் கல்யாணத்துக்கு அய்யா செஞ்சு குடுத்த கட்டில் ஒண்ணு கெடக்கு. அந்தக் காரைக்குடிக் கடையில குடுத்துப் பண்ணலாம்னு பாத்தா, இவ நம்பர் தர மாட்டேங்குறா. இந்தா தாரேன், அந்தா தாரேன்னு மழுப்புறா. நீ கொஞ்சம் வாங்கிக் குடுவேன்."

நான் அட்மிஷன் ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து வராந்தாவுக்குப் போனேன். யோசித்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் குரலில் இருந்த உரிமை எனக்குச் சொந்தமானதில்லை. அதை இன்னும் ஒரு நிமிடம்கூட வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"அம்மா, காரைக்குடியில கடையெல்லாம் இல்ல. அந்தப் பெஞ்சப் பண்ணது நான்தான். எங்க வீட்டுல வச்சுப் பண்ணேன்."

"நீயா? ஏத்தா, இத அவ சொல்லவே இல்லையே!" குரலில் சந்தோஷம்தான் இருந்தது. "நம்ம புள்ளையா பண்ணுச்சு!"

"நான் உங்க ஆளு இல்லம்மா." காலனியின் பெயரைச் சொன்னேன். அப்பா என்ன வேலை செய்தார் என்பதையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு கோழி கேறியது. கட் பண்ணிவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். இல்லை, ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அன்னைக்கு எதுக்கு எங்கூட உக்காந்த?" என்றார்.

"நீங்கதான் கையப் பிடிச்சு இழுத்தீங்க."

"தெரிஞ்சிருந்தா இழுத்திருப்பேனா?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார். பிறகு, "சரி, வையி" என்றார். "த்தா" இல்லை.

திங்கட்கிழமை அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். ஃபீஸ் கட்ட நின்ற பிள்ளைகள் வரிசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"என் குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே. அத்தை எங்க அப்பாவுக்குப் போன் பண்ணி அம்புட்டுப் பேச்சுப் பேசியிருக்காக. பந்தியில அவுக பக்கத்துல உன்னைய உக்கார வச்சுட்டேன்னு. சித்தப்பா எங்க வீட்டுப்படி ஏற மாட்டேங்குறாரு. உனக்கு என்னடி பாவம் பண்ணேன்?"

"நீ சொன்ன பொய்ய நான் சொல்லல, உள்ளதச் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

"உன்னைய நம்பித்தானே வீட்டுக்குள்ள விட்டேன்!"

சொன்ன பிறகு அவளுக்கே அது கேட்டிருக்க வேண்டும். உதடு அப்படியே நின்றது. பதினான்கு வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. விட்டேன். கதவைத் திறந்து, ஓரமாக நகர்ந்து, போனால் போகிறது என்று விடுவது. அவள் திருத்திச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் எழுந்து அவள் கையைப் பிடித்திருப்பேன். அன்றைக்குக்கூட. அவள் தன் மேசைக்குப் போய் சலான் கட்டைப் பிரித்தாள்.

அதோடு சரி. அடுத்த மாதம் மேசைகளை மாற்றிப் போட்டபோது நான் ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன். "சலான் வந்துச்சா?" "வந்துச்சு." "அந்த ஃபைல்?" "மேசைல இருக்கு." இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். ஆபீஸில் யாருக்கும் முழு விஷயம் தெரியாது. ஏதோ சாமான் செய்து கொடுத்த வகையில் தகராறு என்று பேசிக்கொள்கிறார்கள். அவள் அப்படிச் சொல்லியிருக்கலாம். நான் போய் மறுக்கவில்லை.

பெஞ்ச் என்ன ஆனது என்பதை அவள் மகள் பிறந்தநாளன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்தேன். கேக்குக்குப் பின்னால் அது இருந்தது. நீலமும் காவியும் போய், கரும்பழுப்பு பாலிஷ் ஏறி, கண்ணாடி மாதிரி மின்னியது. பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடி நுனியும் முழுக்கப் பூசப்பட்டிருந்தது. நன்றாகவே செய்திருந்தார்கள். சித்தப்பா இப்போது அந்தப் படி ஏறுகிறார் போல, ஓரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு அழுதது பெஞ்சுக்காக என்றுதான் என் வீட்டுக்காரர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை விடவில்லை. யாராவது சாமானை எடுத்துக்கொண்டு வந்தால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். யார் செய்தது என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டும், ஊரையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும், "அதுக்கென்ன, சொல்றோம்" என்பார்கள். சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒருவர் மட்டும், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தன் மேசையைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. வாசலிலேயே தெரிந்துவிட்டது.

ஆபீஸில் என் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் மேசை தெரியும். காலையில் அவசரமாகக் கிளம்புகிறவள். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் வைக்க மறந்துவிட்டு வரும் நாட்களில், டப்பாவைத் திறந்ததும் ஒரு கணம் அப்படியே பார்ப்பாள். பிறகு வெறும் சாதத்தைப் பிசைந்து சாப்பிடத் தொடங்குவாள். என் பையில் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் எப்போதும் இருக்கும். நான் எழுந்து போவதில்லை.